மார்லிஸின் பூச்சிகளும் பள்ளிக்கூட மேட்டு உப்பும்

கவலைப்படுவதற்கென்றே மார்லிஸ் ஹக்கலாவுக்கு நகராட்சி சம்பளம் கொடுக்கிறது என்று எங்கள் பைன்டன் ஊரில் சொல்வோம். மழை பெய்தால் கவலை, பெய்யாவிட்டாலும் கவலை. நவம்பர் கடைசியில் நன்றி சொல்லும் பண்டிகைக்கு ஊரே வான்கோழி விருந்து தின்றுவிட்டுப் பாத்திரம் கழுவும்போது, அந்தக் கொழுப்பெல்லாம் குழாய் வழியாகத் தன்னைத் தேடித்தானே வருகிறது என்று அவளுக்குச் சோறு இறங்காது. ஊர்ச் சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் பண்ணி ஓட்டர் ஆற்றில் விடும் நிலையத்தை இருபத்தேழு வருஷமாக அவள் ஒருத்திதான் பார்த்துக்கொள்கிறாள்.

என் பெயர் ஆர்விட் லஹ்தி. அதே நகராட்சியில் உப்பு லாரி ஓட்டுகிறேன். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை சாலையில் பனியை வழிப்பேன், வழித்த இடத்தில் உப்பைத் தூவுவேன். மார்லிஸும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவளைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்று நகராட்சியில் பேச்சு வந்தபோது நான் எழுதுகிறேன் என்றேன். காரணம் இருக்கிறது. அவளுக்கு வந்த மிக மோசமான மார்ச் மாதத்தில் என் லாரியும் சம்பந்தப்பட்டிருந்தது.

அவள் முதலில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். ஊரில் இருந்த சுரங்கம் மூடி அவள் புருஷன் வெய்னுக்கு வேலை போனதும், கூடச் சம்பளம் கிடைக்கும் என்று சாக்கடை நிலையத்தில் உதவியாளாகச் சேர்ந்தாள். முதல் நாள் நாற்றம் தாங்காமல் வேலிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். யாரிடமும் சொல்லாமல் மறுநாளும் வந்தாள். உரிமத் தேர்வில் கணக்கில் இரண்டு முறை தோற்றாள், மூன்றாவது முறை தேறினாள். நிலையத்திலிருந்து வெளியேறும் தண்ணீருக்கு அன்றிலிருந்து அவள் பெயர்தான் பொறுப்பு.

“எங்க வீட்ல ரெண்டு கல்யாணம். அந்தத் தொட்டி மூத்த தாரம், நான் இளைய தாரம்” என்பான் வெய்ன்.

தொட்டி என்றால் நாலு லாரி நிற்கும் அளவு. காற்று ஊதிக்கொண்டே இருக்கும், பழுப்புத் தண்ணீர் கொதிப்பதுபோல் புரளும். அதில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் இருக்கின்றன. நாம் கழுவிவிடுவதையெல்லாம் தின்று தண்ணீரைத் தெளிய வைப்பது அவைதான். ஊரில் எல்லோரும் அவற்றை மார்லிஸின் பூச்சிகள் என்போம். அவற்றில் ஒரு சாதி அம்மோனியாவைத் தின்னும். அதுதான் ரொம்ப நோஞ்சான். குளிரில் அது செத்துவிட்டால் மறுபடி வளர வாரக்கணக்காகும்.

அது செத்தால் என்ன என்று கேட்கலாம். நிலையத்துக்குக் கீழே ஓட்டர் ஆற்றின் கூழாங்கல்லுக்குள் ட்ரவுட் மீன் முட்டை வைத்திருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் அது பொரியும். பொரித்த குஞ்சுகள் வயிற்றில் மஞ்சள் கருவைச் சுமந்துகொண்டு மே மாதம் வரை கல்லுக்கடியிலேயே ஒடுங்கிக் கிடக்கும். தண்ணீர் கெட்டாலும் அவற்றால் நீந்தித் தப்ப முடியாது. மார்லிஸின் கவலை முழுவதும் கடைசியில் அந்தக் கல்லுக்கடியில் போய்த்தான் நிற்கும்.

அந்த வருஷம் ஜனவரியில் குளிர் மண்ணுக்குள் ஆறடி இறங்கியது. எங்கள் ஊரில் அப்படி ஆனால் நகராட்சி ‘ஓடவிடு’ உத்தரவு போடும். குழாய் உறைந்து வெடிக்காமல் இருக்க, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குழாயைப் பென்சில் தடிமனுக்குத் திறந்து இரவும் பகலும் ஓடவிட வேண்டும். அந்தத் தண்ணீருக்குக் கட்டணம் கிடையாது. அத்தனை வீட்டுக் குளிர்ந்த நல்ல தண்ணீரும் மார்லிஸின் தொட்டிக்குத்தான் வரும்.

“என் பூச்சிங்களுக்குத் தீனி இல்ல, ஆர்விட். வெறும் ஐஸ் தண்ணி வந்துட்டே இருக்கு. பாதி அடிச்சிட்டுப் போயிடும்” என்று பிப்ரவரி முழுக்கப் புலம்பினாள். மண் இளகிவிட்டது, உத்தரவை எடுங்கள் என்று நகராட்சி மேலாளர் டேல் ட்ரஸ்காட்டை விடாமல் நச்சரித்தாள். ட்ரஸ்காட் சின்னப் பையன்தான், முப்பத்தைந்து இருக்கும். அவள் வாயிலிருந்து தப்பிக்கவே மார்ச் மூன்றாம் தேதி உத்தரவை எடுத்துவிட்டான். ஊர் குழாய்களை மூடியது. அவள் அன்று எனக்கு ஏலக்காய் போட்ட நிஸு ரொட்டி ஒன்று கொண்டுவந்து கொடுத்தாள், பெரிதாக ஜெயித்துவிட்டவள் மாதிரி.

நாலு நாளில் பனிமழை வந்தது, தரையில் விழுந்ததும் ஐஸாக உறையும் மழை. இரண்டு நாள் விடாமல் பெய்து சாலையெல்லாம் கண்ணாடியாகிவிட்டது. நான் உப்பைக் கொட்டித் தீர்த்தேன். மூன்றாம் நாள் வெயில் அடித்தது, சாலை கறுப்பாக மின்னியது. ஒரு வண்டிகூடச் சறுக்கவில்லை என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட ஏறியிருந்தது.

திங்கட்கிழமை காலை மார்லிஸ் போன் பண்ணினாள்.

“வந்து பாரு.”

“என்னத்த?”

“வந்து பாரேன்.”

ஆய்வறை மேசையில் ஒரு கண்ணாடிச் சாடி இருந்தது. தினமும் காலையில் தொட்டித் தண்ணீரை அதில் எடுத்து அரைமணி நேரம் அசையாமல் வைப்பாள். பழுப்பெல்லாம் அடியில் படிந்து மேலே தெளிந்து நிற்க வேண்டும். அன்று மேலே பால் கலந்த மாதிரி கலங்கலாக இருந்தது. நுண்ணோக்கியைக் காட்டினாள். வழக்கமாக அதில் தண்டுமேல் குட்டிக் குட்டி மணிகள் மாதிரிப் பூச்சிகள் திறந்து மூடி அலைந்துகொண்டிருக்கும், எனக்கே பார்க்கப் பிடிக்கும். அன்று தண்டுகள் இருந்தன, பல தண்டுகளில் மணி இல்லை. இருந்த மணிகள் இறுக மூடிக்கிடந்தன.

“அம்மோனியா?” என்றேன்.

“நேத்தைவிட மூணு மடங்கு. இன்னும் ரெண்டு நாள் இப்படியே போனா அரசாங்கம் வச்ச அளவைத் தாண்டிடும். குஞ்சுங்க இப்பத்தான் பொரிஞ்சிருக்கும்.” இரண்டு கையாலும் காபிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே வரும் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் கருவியின் தாள்களை என் முன்னால் விரித்தாள். தினமும் மதியம் இரண்டு மணிக்கு உச்சிக்கு ஏறி, பொழுது சாய்ந்ததும் இறங்கியது. வெயிலோடு ஏறி வெயிலோடு இறங்கியது. பனி உருகி சாலை உப்பு பழைய குழாய்களின் விரிசல் வழியாகச் சாக்கடைக்குள் போகிறது என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டாம். அந்தப் பழைய குழாய் பள்ளிக்கூட மேட்டுச் சாலைக்கு அடியில்தான் போகிறது.

“மேட்டுல எவ்வளவு போட்ட?”

“வழக்கமாப் போடறதுதான்.”

“வழக்கம்னா?”

“ரெண்டு பங்கு.”

“ஊர் பூராவுமா?”

“மேட்டுல மட்டும்.”

“உனக்கென்ன கிறுக்கா? உங்கப்பன் வீட்டு உப்பா அது? யாரு சொன்னா அப்படிப் போடச் சொல்லி?”

எனக்கும் கோபம் வந்தது. பேசாமல் இருந்திருக்கலாம். “நீதான் சொன்ன” என்றேன்.

அவள் முழித்தாள். நான் ஞாபகப்படுத்தினேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் பள்ளிப் பேருந்து அந்த மேட்டில் பின்பக்கமாகச் சறுக்கிப் பள்ளத்தில் சாய்ந்தது. அவள் மகள் கைசாவுக்குக் கால் முறிந்தது. மறுநாள் லாரிக் கொட்டகைக்கு வந்து என் சட்டையைப் பிடித்து, அந்த மேட்டுல மட்டும் உப்புக்குக் கஞ்சத்தனம் பண்ணாதே, ஆர்விட், என்று அழுதாள். பெத்தவள் வயிறு எரிந்து சொன்னது. சொல்லிவிட்டு அவள் மறந்துவிட்டாள். நான் உத்தரவாக எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து மேடு ஏறும்போது இரட்டை அளவுப் பட்டனை அமுக்காமல் போனதில்லை.

“பதினோரு வருஷமா? அப்ப இத்தனை வருஷம் எப்படி...” என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். பதில் அவளுக்கே தெரிந்துவிட்டது. அத்தனை வருஷமும் ஓடவிடு உத்தரவு ஏப்ரல் வரை இருந்தது. ஊர்க் குழாய்த் தண்ணீர் அந்த உப்பைக் கரைத்து நீர்க்க வைத்து, அவளுக்குத் தெரியாமலே பூச்சிகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீரை நிறுத்தச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றது அவள்தான். நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

“மறுபடி ஓடவிடச் சொல்லு, முடிஞ்சது” என்றேன்.

“முடியாது. மூணு நாளா உப்புல கிடந்து இப்பத்தான் கொஞ்சம் பழகுது. திடீர்னு நல்ல தண்ணியை மேல ஊத்தினா மிச்சமும் ஊதி வெடிச்சிடும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் விடணும். இன்னிக்கு ஒரு தெரு, நாளைக்கு ஒரு தெரு.”

ட்ரஸ்காட் மறுநாள் காலை எட்டு மணிக்கு எல்லோர் போனுக்கும் செய்தி அனுப்பினான். பைன் தெரு வீடுகள் மட்டும், பென்சில் தடிமன் மட்டும் என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தான். ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஓடவிடு என்ற சொல் கண்ணில் பட்டால் போதும், மிச்சத்தைப் படிக்க மாட்டார்கள். உறைந்த குழாயை ஊதுவிளக்கு வைத்துச் சூடுகாட்டியே வளர்ந்த ஜனங்கள். போதாததற்கு, மார்லிஸ் கஷ்டத்தில் இருக்கிறாள் என்று தேவாலயத்துப் பெண்கள் ஒருவருக்கொருவர் போன் பண்ணிவிட்டார்கள். ஒரு குழாய் கேட்டவளுக்கு இரண்டு குழாய் திறந்தார்கள். பத்தரை மணிக்கு நிலையத்துக்கு வரும் தண்ணீர் இரண்டு மடங்கு.

“மூடச் சொல்லு. ஓடு” என்றாள் மார்லிஸ் போனில். அவள் குரல் அப்படி ஒடுங்கி நான் கேட்டதில்லை.

ட்ரஸ்காட் இன்னொரு செய்தி அனுப்பினான். முதல் செய்தியையே படிக்காதவர்கள் அதையா படிக்கப்போகிறார்கள். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், வீடு வீடாகக் கதவைத் தட்டினோம். மில் தெருவில் கிழவர் பென்ஹேல் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு வழிவிடவில்லை.

“போன வாரம் மூடுன்னா. காலைல தொறன்னா. இப்ப நீ வந்து மறுபடி மூடுங்கற. நகராட்சில யாராவது குடிச்சிருக்கீங்களா?”

“மார்லிஸ்தான் சொல்றா, மிஸ்டர் பென்ஹேல்.”

“அவளுக்காகத்தான்டா தொறந்தேன். குளியல் தொட்டிக் குழாயும் தொறந்திருக்கேன், சுடுதண்ணி. பூச்சிங்களுக்குக் குளிருமே.”

எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே போய் நானே மூடினேன். அப்படி நூற்றுப்பத்து வீடு. எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் அவளுக்கு உதவி செய்துகொண்டிருந்தார்கள். திட்டக்கூட ஆள் இல்லாத கஷ்டம் அது.

மூன்று மணிக்கு நிலையத்துக்குப் போனேன். தொட்டிக்கு அடுத்த வட்டத் தொட்டியில், தண்ணீர் தெளிந்து வழிய வேண்டிய விளிம்பில், பழுப்புத் துணுக்குகள் கூட்டம் கூட்டமாக வழிந்துகொண்டிருந்தன. மார்லிஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“பாதி போயிடுச்சு” என்றாள். “பாதி இருக்கு. அசையுது, பாத்துட்டேன். இனி ஒரு அடி விழக்கூடாது, அவ்வளவுதான்.”

புதன்கிழமை மதியம் வானிலை அறிக்கை வந்தது. வியாழன் விடிகாலையில் மறுபடி பனிமழை.

ட்ரஸ்காட் எங்கள் இருவரையும் கூப்பிட்டான். “மார்லிஸ், நீங்க சொன்னாப் போதும். மேட்டுல உப்பு வேண்டாம், மணல் மட்டும்னு நான் கையெழுத்துப் போட்டுத் தரேன். உங்க இஷ்டம்.”

“பள்ளிக்கூடத்த மூடச் சொல்லேன்” என்றேன்.

“கேட்டேன், ஆர்விட். இந்த வருஷப் பனி விடுமுறை எல்லாம் தீந்துபோச்சாம். பஸ் நிச்சயம் வருமாம்.”

அந்த மேட்டைத் தவிர பள்ளிக்கூடத்துக்கு வேறு வழி கிடையாது. மார்லிஸ் கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்துவிட்டு எழுந்து போனாள்.

வியாழன் காலை ஐந்தரைக்கு லாரியை நிரப்பிக்கொண்டு கொட்டகையில் காத்திருந்தேன். முன்னால் உப்பு, பின்னால் தனியாக மணல். வெளியே மழை விழுந்த இடத்திலேயே உறைந்துகொண்டிருந்தது. போன் அடித்தது.

“பஸ் எத்தனை மணிக்கு மேட்டுக்கு வரும்?” என்றாள்.

“ஏழே காலுக்கு.”

“மணல் நிக்குமா?”

“மழை விட்டா நிக்கும். இப்பப் போட்டாப் பத்து நிமிஷத்துல மேல ஐஸ் மூடிடும்.”

“ஒரு பங்கு உப்பு போட்டா?”

“பஸ் ஏறினாலும் ஏறும். எனக்குத் தெரியாது, மார்லிஸ். என்னைக் கேக்காத. நான் பட்டன் அமுக்கறவன்.”

அவள் பக்கத்தில் காற்று ஊதும் இயந்திரத்தின் சத்தம் கேட்டது. அப்போதே நிலையத்துக்கு வந்துவிட்டிருந்தாள். ராத்திரி வீட்டுக்குப் போனாளோ என்னவோ.

“ரெண்டு பங்கே போடு” என்றாள்.

“மார்லிஸ்...”

“போடுன்னு சொல்றேன்ல. என்னை இன்னொரு வாட்டி சொல்ல வைக்காத.”

போட்டேன். ஏழே காலுக்கு மேட்டடியில் லாரியை ஓரங்கட்டி, பேருந்து ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வளைவில் பின்சக்கரம் ஒரு முறை சுற்றியது. அப்புறம் பிடித்துக்கொண்டு ஏறிப்போய்விட்டது. உள்ளே இருந்த பிள்ளைகள் ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமைக்குள் தொட்டி செத்துவிட்டது. முழுசாக இல்லை, ஆனால் அம்மோனியா தின்னும் சாதி போய்விட்டது. நாற்பது மைல் தள்ளியுள்ள ஊரின் நிலையத்தில் கெஞ்சி, டேங்கர் லாரியில் உயிருள்ள பூச்சிகள் நிறைந்த குழம்பு வாங்கிவந்து தொட்டியில் ஊற்றினாள். குளிரில் அது பிடிக்கப் பத்தொன்பது நாள் ஆனது. அந்தப் பத்தொன்பது நாளும் அளவுக்கு மேல் அம்மோனியா ஆற்றில் போனது. மாநிலச் சுற்றுச்சூழல் அலுவலகத்துக்கு அவளே போன் பண்ணிச் சொன்னாள். இயற்கைச் சீற்றம் என்று எழுதிவிடலாமே என்றான் ட்ரஸ்காட். “பனிமழையா ஓடவிடுறதை நிறுத்தச் சொல்லுச்சு?” என்று கேட்டுவிட்டு, குழாய்களை மூடச் சொன்னது நான், மேட்டுக்கு இரட்டை உப்பு சொன்னதும் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவர்கள் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினார்கள். உரிமம் பிழைத்தது. அவளுக்கு அது கவலையே இல்லை.

மே மாதம் பதினெட்டாம் தேதி, ஒரு சனிக்கிழமை, என்னைக் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனாள். மீன்குஞ்சுகள் கல்லைவிட்டு வெளியே வந்து கரையோரத் தண்ணீரில் திரியும் காலம். முதலில் நிலையத்துத் தண்ணீர் ஆற்றில் விழும் குழாய்க்கு மேல்பக்கம் போனோம். ஈரப் புல்லில் குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தாள். ஊசி நீளத்தில் கறுப்பாக, கண்ணுக்கு எட்டிய மட்டும் குஞ்சுகள். முப்பது வரை எண்ணிவிட்டு நிறுத்தினாள்.

குழாய்க்குக் கீழ்ப்பக்கம் வந்ததும் அவள் படுக்கவில்லை.

“நீ பாரு” என்றாள். “என்னால முடியல.”

படுத்துப் பார்த்தேன். தண்ணீர் தெளிவாக இருந்தது. ஒவ்வொரு கல்லாகப் பார்த்தேன். எழுந்து அடுத்த வளைவுக்குப் போய்ப் படுத்தேன், அதற்கடுத்த வளைவுக்கும் போனேன். அவள் என் பின்னாலேயே வந்தாள், ஆற்றைப் பார்க்காமல் என் முதுகையே பார்த்துக்கொண்டு. பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது.

“இல்ல, மார்லிஸ்” என்றேன். “ஒண்ணுகூட இல்ல.”

அவள் தலையை ஆட்டினாள். சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து, தேதி போட்டு, இடம் போட்டு, பூஜ்யம் என்று எழுதினாள். யாரும் அவளை அதை எழுதச் சொல்லவில்லை. பேனாவை மூடாமலே கேட்டாள்.

“அன்னிக்கு பஸ்ல எத்தனை பேரு?”

“இருபத்திமூணு.”

அதையும் அதே வரியில் எழுதிக்கொண்டாள். பிறகு நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.